கொடி பிடிக்க மட்டுமா இளைஞன்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. பழைய பட்டியலில் வாப்பா பெயர் எங்கே, உம்மா பெயர் எங்கே, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று ஊரே தேடியது. உங்கள் தெருவில் அதைத் தேடிக் கொடுத்தவர்கள் யார்?

பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள்தான். இணையத்தில் பழைய பட்டியலைத் திறந்து, எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்த பெயர்களைக் கண்டுபிடித்து, படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். தனக்கே வாக்குரிமை இல்லாத பிள்ளை, பாட்டனாரின் வாக்குரிமையைக் காப்பாற்றிக் கொடுத்தது! வேலை முடிந்ததும் நாம் என்ன சொன்னோம்? "சரி, போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

சகோதரர்களே, சிந்திக்க வேண்டும். கூட்டத்துக்கு நாற்காலி போட இளைஞன் வேண்டும். சுவரொட்டி ஒட்ட இளைஞன் வேண்டும். ஊர்வலத்தில் கொடி பிடிக்க இளைஞன் வேண்டும். முடிவு எடுக்கும் இடத்தில் மட்டும் அவன் வேண்டாமா?

குந்தாப்பூர் பிள்ளைகள்

கர்நாடகத்தில் குந்தாப்பூர் வட்டாரம். மலையும் கடலும் நெருங்கி நிற்கும் பகுதி. பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகள் 'பீமா சங்கம்' என்ற பெயரில் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். 1995இல் 'மக்கள பஞ்சாயத்து' என்ற குழந்தைகள் ஊராட்சிகள் அங்கே தோன்றின. கன்னடத்தில் 'மக்கள்' என்றால் பிள்ளைகள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளே வாக்களித்துத் தங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டது. பெரியவர்களில் நம்பிக்கையான ஒருவரைத் தங்கள் நண்பராகப் பிள்ளைகளே தேர்ந்துகொண்டார்கள்.

இது வேடிக்கைக்கு நடத்திய நாடகம் அல்ல. மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க ஒற்றை மரத்தைப் போட்டு வைத்திருப்பார்கள். பெரியவர் எட்டு வைத்துக் கடந்துவிடுவார். புத்தகப் பையோடு வரும் சிறுமியால் முடியுமா? பெரியவர்களின் கண்ணுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பிள்ளைகள் கணக்கெடுத்தார்கள், வரைபடம் போட்டார்கள், ஊராட்சியின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

இந்த அனுபவத்தை அரசே ஏற்றுக்கொண்டது. 2006ஆம் ஆண்டு முதல் கர்நாடக ஊராட்சிகள் ஆண்டுக்கொரு முறை குழந்தைகள் கிராம சபை நடத்த வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பிள்ளைகள் கேட்பார்கள், தலைவரும் அலுவலர்களும் பதில் சொல்ல வேண்டும். இது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று ஏட்டில் ஏறியதே பெரிய காரியம் என்கிறேன்.

பொறுப்பு ஒரு பிள்ளையை என்ன செய்கிறது?

பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவனுக்குப் பொறுப்புக் கொடுத்தால் அவனுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முதல் கூட்டத்தில் அவன் வாயே திறக்க மாட்டான். நண்பனின் முதுகுக்குப் பின்னால் உட்காருவான். இரண்டாவது கூட்டத்தில் எழுதி வைத்ததைப் படிப்பான், குரல் நடுங்கும். மூன்றாவது கூட்டத்துக்குள் ஒன்றைத் தெரிந்துகொள்வான். எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் திட்டிப் பயனில்லை என்பதே அது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது ஊராட்சியின் அல்லது நகராட்சியின் பொறுப்பு. மின்சாரமே வரவில்லை என்றால் மின்வாரியம். ஊர் நடுவே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவனிடம் கோபம் குறையும், காரியம் நடக்கும்.

பிறகு அவன் 'இல்லை' என்ற பதிலைக் கேட்பான். நிதி இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள். அன்றுதான் அவனுடைய உண்மையான படிப்பு தொடங்குகிறது. எத்தனை கேட்டோம், எத்தனை கிடைக்கும், எதை முதலில் கேட்பது என்று கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறான். தன் தெருவுக்குக் குழாய் கேட்டவன், அடுத்த தெருவுக்குக் குழாயே இல்லை என்று அறிந்து விட்டுக்கொடுக்கவும் பழகுகிறான். அடுத்த தெருக்காரன் எந்த மதம், எந்தச் சாதி என்பதெல்லாம் அந்தக் குழாயடிக் கணக்கில் பின்னால் போய்விடும்.

கடைசிப் பாடம்தான் பெரிய பாடம். பதவிக்காலம் முடிந்ததும் எழுந்து, அடுத்தவனுக்கு நாற்காலியைக் கொடுக்கிறான். நம் பெரியவர்கள் பலருக்கே வராத பாடம் இது! (சிரிப்பு) இதைப் பதினாறு வயதில் கற்றவன் நாற்பது வயதில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு கிடக்க மாட்டான்.

இங்கிலாந்திலும் இதைத்தான் காண்கிறோம். இலண்டன் மாநகரின் லூயிஷாம் பகுதியில் 2004இல் இளைஞர் மேயர் தேர்தல் தொடங்கியது. பள்ளி மாணவர்களே வாக்களித்தார்கள். வென்ற பிள்ளைக்குச் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடவில்லை. இளைஞர் நலத் திட்டங்களுக்குச் செலவிட நிதியும் ஒதுக்கினார்கள். 11 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான இளைஞர் நாடாளுமன்றம் 2009இல் முதன்முறையாக மக்களவைக் கட்டடத்தில், உறுப்பினர்கள் அமரும் அதே பச்சை இருக்கைகளில் கூடியது. 2014இல் ஸ்காட்லாந்து தனி நாடாவதா என்ற பொதுவாக்கெடுப்பில் 16 வயதினரும் வாக்களித்தார்கள். ஒரு நாட்டின் தலைவிதியையே தீர்மானிக்கும் கேள்வியை அந்த வயதுப் பிள்ளைகளிடமும் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

நம் நாட்டில் வாக்களிக்கும் வயது 21ஆக இருந்தது. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் 1989இல் அது 18 ஆனது. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியல் சட்டத்தில் இடம் தந்தன. சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் தரும் சட்டம் 2016இல் வந்தது. இவ்வளவு கதவுகளும் திறந்து கிடக்கின்றன. நுழைவதற்கு ஆள் தயாரா?

18 வயதில் திடீரென்று ஒருவன் குடிமகனாகிவிட முடியாது. 21 வயதில் திடீரென்று வார்டு உறுப்பினராகவும் முடியாது. முன்னே பழகியிருக்க வேண்டும். பழகாதவன் வென்றாலும், அவன் பெயரில் வேறொருவர்தான் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டுவார். பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களில் கணவரே தலைவர்போல் நடந்துகொள்ளும் கேவலத்தை நாம் பார்க்கவில்லையா? நம் பெண் பிள்ளைகளைப் பதினைந்து வயதிலேயே கூட்டத்தில் பேசப் பழக்கியிருந்தால் அந்த நிலை வருமா?

தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. உறுப்பினர் இல்லாத நாளில் ஊருக்காகக் கேள்வி கேட்பவர் யார்? கேட்கத் தெரிந்த குடிமக்கள்தான். அப்படிப்பட்டவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

வணிகப் பெருமக்களே!

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகனுக்கு வியாபாரம் எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்? நாற்பது வயதுவரை காத்திருந்து ஒரேயடியாகக் கடைச் சாவியைக் கொடுத்தீர்களா? பள்ளி விட்டு வந்த பையனைக் கல்லாவில் உட்கார வைத்தீர்கள். சில்லறை எண்ணச் சொன்னீர்கள். பிறகு சரக்கு எடுக்க உடன் அழைத்துப் போனீர்கள். பத்து ரூபாய் குறைந்தபோது கடிந்துகொண்டீர்கள், கடையை விட்டு விரட்டவில்லை. ஊர்க் காரியத்துக்கும் அதே முறைதான் ஐயா!

சொத்து வரி கட்டுகிறீர்கள். தொழில் வரி கட்டுகிறீர்கள். கடை வாசலில் சாக்கடை தேங்கினால் முணுமுணுக்கிறீர்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். அதை எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்? கடைக்கு விடுமுறை விட முடியாது என்பீர்கள். சரி, உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். 18 ஆகாத பிள்ளைக்கு அங்கே வாக்கு இல்லை. கேட்பதற்குக் காது உண்டு, குறித்துக்கொள்ளக் கை உண்டு. இரவு கடை அடைத்துச் சாப்பிடும்போது "இன்று என்ன பேசினார்கள்?" என்று கேளுங்கள். அதுவே அவனுக்குப் பாதிப் படிப்பு.

இன்னொன்று. உங்கள் வணிகர் சங்கத்திலும் மஹல்லா நிர்வாகத்திலும் 15 முதல் 18 வயதுவரை உள்ள இருவருக்கு ஓராண்டுப் பொறுப்புக் கொடுங்கள். ஒருவர் பெண் பிள்ளையாக இருக்கட்டும். அந்த வயதுப் பிள்ளைகளே அவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை என்று நீங்கள் நியமிக்காதீர்கள். சிறு தொகை ஒன்றை அவர்கள் முடிவுக்கு விடுங்கள். நூலகமோ, விளையாட்டுத் திடலோ, தெருவிளக்கோ, அவர்கள் தீர்மானிக்கட்டும். அவர்கள் எழுதிக் கேட்டால் நீங்கள் எழுதிப் பதில் கொடுங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று எழுதுங்கள். பதில் வராத இடத்தில் எந்தப் பிள்ளையும் இரண்டாவது முறை கேட்க மாட்டான். கேட்பதை விட்டவன் எங்கே போய் நிற்பான், யார் அவனைத் தன் பக்கம் இழுப்பார் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

இளைஞனே!

பெரியவர்கள் கொடுக்கட்டும் என்று காத்திராதே. நாளையே ஒரு நோட்டு வாங்கு. உன் தெருவில் எத்தனை விளக்கு, எத்தனை எரியவில்லை, குப்பை வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று எழுது. தேதி போட்டு எழுது. மனுவாக்கிக் கொடு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கு. ஒப்புகை இல்லாத மனு காற்றில் போன பேச்சு.

17 வயது முடிந்துவிட்டதா? வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் தகுதி நாள்களாக 2022 முதல் வகுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூட வேண்டும். இந்த ஆறு தேதிகளையும் உன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. அடுத்து வரும் நாளில் போய் முன்வரிசையில் உட்கார். உன் தம்பியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போ.