தொடக்கமும் துணிவும்



பாவலர்க்கு முதலடி எத்துணை அரிதோ, சதுரங்க வீரர்க்கு முதற் காய்நகர்த்தலும் அத்துணை அரிது. சென்னையில் 2013 நவம்பர் 21 அன்று நிகழ்ந்த உலக வாகைப் போட்டியின் ஒன்பதாம் ஆட்டமே இதற்குச் சான்று.

பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட அப்போட்டியில் எட்டு முடிந்திருந்தன. நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனுக்கு ஐந்து புள்ளிகள். விசுவநாதன் ஆனந்துக்கு மூன்று. சமன் செய்வது இனி ஆனந்துக்கு உதவாது. அதுவரை வெள்ளைக் காய்களோடு ஆடிய நான்கு ஆட்டங்களையும் அரசனின் காலாளைக் கொண்டே தொடங்கியவர், அன்று அரசியின் காலாளை இரு கட்டம் முன்செலுத்தினார்.

கார்ல்சன் நிம்சோ-இந்தியத் தற்காப்பை மேற்கொண்டார். 1850களில் கல்கத்தாவில் மகேசசந்திர பானர்ஜி, ஜான் காக்ரேனோடு ஆடிய ஆட்டங்களை ஒட்டியே இத்தகைய தொடக்கங்களுக்கு இந்தியப் பெயர் அமைந்தது. நான்காம் நகர்த்தலில் ஆனந்த், அரசன் பக்கத்து அமைச்சரின் காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார். குதிரைக்குரிய நல்லிடத்தை அது அடைக்கும். ஆயினும் நடுக்களத்தைக் கைப்பற்ற வழி திறக்கும். அமைதிக்கு இடமில்லாத் தொடக்கம் அது.

வெள்ளைக் காலாட்கள் கருப்பு அரசனை நோக்கித் திரண்டன. மறுகோடியிலோ கார்ல்சனின் காலாள் ஒன்று தனித்து நடந்து, இருபத்தேழாம் நகர்த்தலில் அரசியாகி முற்றுகையிட்டது. ஆனந்த் அமைச்சரை இடைநிறுத்தியிருப்பின் ஆட்டம் சமநிலையில் நின்றிருக்கும். அவர் குதிரையை நிறுத்தினார். புதிய அரசி மூன்று கட்டம் நகர்ந்து, யானையின் தாக்குதலுக்கு முற்றுப்புள்ளி வைத்தாள். ஆனந்த் தோல்வியை ஒப்பினார். மறுநாள் பட்டம் கைமாறியது.

தொடக்கமா பிழைத்தது? அன்று, பிழைத்தது இருபத்தெட்டாம் நகர்த்தலே.

பாதுகாப்பை மட்டும் நாடுவோர்க்கு இவ்வரங்கத் தீவின் வரலாறே பாடம். 1752இல் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுப் படை, காவிரியைக் கடந்து திருவரங்கத்துள் புகுந்தது. காவலாக வேண்டிய காவிரியும் கொள்ளிடமும் சிறையாயின. சூன் திங்களில் தளபதி லா சரணடைந்தார்.

ஆனந்த் அத்தகைய காவலை நாடவில்லை. துணிந்து தோற்ற அவரே 2014 மார்ச்சில் காந்தி-மான்சிஸ்க் நகரில், உலக வாகையருடன் மோதும் தகுதிக்கான போட்டியில் முதலிடம் பெற்றார்.

பத்தாண்டு கண்ட இம்மன்றத்துப் பாவலரும் பழகிய முதலடியையே நாடாதிருத்தல் வேண்டும். கவிதை ஒன்று தோற்கலாம், துணிவு தோற்றலாகாது.