குர்தாஃபரீதுக்கு இடமில்லாத கூடமா?



ஈரான் நாட்டில் சூர்கானே என்று ஒரு கூடம் உண்டு. நடுவில் எண்கோணப் பள்ளம். அதில் இறங்கி ஆண்கள் தண்டால் எடுக்கிறார்கள், கர்லாக்கட்டை சுழற்றுகிறார்கள், சங்கிலி பூட்டிய இரும்பு வில்லைத் தலைக்கு மேல் ஆட்டுகிறார்கள். மேலே அமர்ந்திருக்கும் முர்ஷித் என்னும் வழிநடத்துநர் முழவை அறைந்து, மணியை அடித்து, பாட்டுப் பாடித் தாளம் கொடுக்கிறார். அழகான மரபு. அதை நான் பழிக்க வரவில்லை.

அந்தக் கூடத்துக்குள் ஓர் உள்ளூர்ப் பெண் கேமராவோடு போனால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

புனித இடம் என்கிறார்கள். யஸ்து நகரத்துப் பழைய நீர்த்தேக்கக் கட்டடத்தில் நடக்கும் சூர்கானேக்குள் வெளிநாட்டுப் பெண்கள் கட்டணம் கட்டி உள்ளே போய், உட்கார்ந்து பார்க்கிறார்கள், படமும் எடுக்கிறார்கள். அப்போது கெடாத புனிதம், உள்ளூர்ப் பெண் கேட்டால் மட்டும் கெடுமா?

ஆண்கள் திறந்த மார்போடு நிற்கிறார்கள், பெண் பார்க்கலாமா என்கிறார்கள். அந்த நாட்டு மல்லர்கள் இறுக்கிப் பிடித்த உடையில் உலக மேடையில் மோதுவதை வீட்டுக்கூடத்தில் தாயும் மகளும் தொலைக்காட்சியில் பார்க்கவில்லையா?

இதையும் கேளுங்கள். முர்ஷித் பாடுவதில் முக்கியமானது ஃபிர்தௌசியின் ஷாநாமா காவியம். அதே ஷாநாமாவில் குர்தாஃபரீது இருக்கிறாள்! வெள்ளைக்கோட்டையைக் காக்கக் கவசம் பூட்டி, கூந்தலைத் தலைக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு, படையெடுத்து வந்த மாவீரன் சொஹ்ராபையே எதிர்த்துக் குதிரையேறியவள். அவளைப் பாடிய காவியம் உள்ளே முழங்கலாம், அவள் பேத்திகள் வாசலில் நிற்க வேண்டுமா? கூந்தலை மறைத்தால்தான் களத்தில் இறங்கலாம் என்ற நிலை ஆயிரம் ஆண்டு கழித்தும் மாறவில்லையே! 2019இல், பெண்களுக்குத் தடை இருந்த ஆசாதி அரங்கில் ஆண் வேடமிட்டுக் கால்பந்து பார்க்கப் போன ஓர் இளம்பெண்ணைப் பிடித்தார்கள். சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டு நீதிமன்ற வாசலிலேயே தனக்குத் தீ வைத்துக்கொண்டாள், சில நாளில் செத்தாள். அதற்கு அடுத்த மாதம் அதே அரங்கில் ஆயிரக்கணக்கான பெண்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள். ஈரான் 14-0 என்ற கணக்கில் கம்போடியாவை வென்றது. உயிர் போன பிறகுதானா கதவு திறக்க வேண்டும்?

2010இல் யுனெஸ்கோ சூர்கானே மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பெண் மனிதகுலத்தில் சேர்த்தியா இல்லையா?

மெல்பர்ன் ஒலிம்பிக்கில் 1956இல் மல்யுத்தத்தில் தங்கம் வென்ற கோலாம்ரெசா தக்தியை ஈரான் இன்றும் பஹ்லவான், அதாவது மாவீரர், என்று கொண்டாடுகிறது. பதக்கத்துக்காக மட்டுமல்ல, 1962 பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்காகத் தெருவில் இறங்கி நிதி கேட்டாரே, அந்த மனத்துக்காக! அதுதான் சூர்கானே கற்பிக்கும் வீரம். அந்த வீரம் ஒரு பெண்ணின் கேமராவைக் கண்டு அஞ்சாது. அஞ்சுகிறவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள்.

படம் எடுத்துவிட்டுப் போ என்று ஒரு நாள் விடும் சலுகையும் நமக்குப் போதாது, தாய்மார்களே! உள்ளூர்ப் பெண்ணுக்குப் பார்வையாளர் வரிசையில் இடம் வேண்டும். அவள் மகளுக்கு அந்தப் பள்ளத்தில் கர்லாக்கட்டை வேண்டும். முர்ஷித் முழவறைந்து அவளுக்கும் தாளம் கொடுக்க வேண்டும்!