இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு



எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்காத பெற்றோர் இல்லை. சுவரில் புது வர்ணம் அடித்திருந்தால் நல்ல பள்ளி. வாசலுக்கு வேன் வந்தால் அதைவிட நல்ல பள்ளி! இப்படி ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்து ஆரம்பப் பள்ளிகளை ஒப்பிட நாம் இன்று வேறொரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

1994க்கு முன் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை மூன்றும் தனித்தனி நகராட்சிகள். அந்த ஆண்டில் மூன்றும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. ஆகவே உறையூரானாலும் ஸ்ரீரங்கமானாலும் மாநகராட்சிப் பள்ளி என்றால் நிர்வாகம் ஒன்றுதான். ஆனால் திருவானைக்காவைத் தாண்டிக் கல்லணைப் பாதையில் போனால் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிளிக்கூடு, உத்தமர்சீலி என்று கிராமங்கள் வருகின்றன. கிராமங்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். இவை தவிர சர்க்கார் உதவி பெறும் பள்ளிகளும் உண்டு. நிர்வாகம் எதுவானாலும் சட்டம் ஒன்று: 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம்.

அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது? 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 90 வரை 3 பேர். 120 வரை 4 பேர். அதற்கு மேல் 200 வரை 5 பேர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இங்கேதான், தோழர்களே, நாம் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும்.

நகரத்தில் 150 பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் 5 பேர். ஆற்றோரக் கிராமத்தில் 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஆசிரியர் 2 பேர். இரண்டிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள். அதிகாரி ஏட்டில் இரண்டும் சமம்! ஆனால் கிராமப் பள்ளியிலும் வகுப்பு ஐந்துதானே? ஒருவர் மூன்று வகுப்பைப் பார்க்க வேண்டும், மற்றவர் இரண்டை. அதே சட்டம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரப் படிப்பு என்கிறது. அதாவது நாளுக்கு 4 மணி, 240 நிமிடம். நகரத்துப் பிள்ளைக்குத் தன் வகுப்பு ஆசிரியர் 240 நிமிடமும் கிடைக்கிறார். மூன்று வகுப்பு சேர்ந்த அறையில் உள்ள பிள்ளைக்கோ 80 நிமிடம்தான். அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால் 48 நிமிடம்!

மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவரை ஆறு சைடு பார்க்கச் சொன்னால் அறுந்த இழையை யார் பிடிப்பது? ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவரும் நம்மைப் போல் வேலைப் பளு ஏற்றப்பட்டவர்தான். 2022 ஜூன் முதல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று தரம் பிரித்துச் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் முறை நல்லதென்பதற்காக ஆள் வேண்டாம் என்றாகிவிடுமா?

1953இல் ராஜாஜி சர்க்கார் ஆரம்பப் பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணியாகக் குறைத்தது. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டுமாம். நாடே கொதித்தது, 1954இல் காமராஜர் வந்ததும் அத்திட்டம் ஒழிந்தது. இன்றைய 80 நிமிடத்துக்கு ஆணை இல்லை, அறிவிப்பு இல்லை. அதனால் கொதிப்பும் இல்லை.

விளைவைப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று வகுப்பைக் காணும் கூலித் தொழிலாளி, கடன் வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்புகிறார். பிள்ளை குறைகிறது. உடனே ‘பணி நிரவல்’ என்று ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். இருக்கிற பிள்ளைக்கு நேரம் இன்னும் குறைகிறது. மறுபடி வேன்!

சோற்று விஷயத்தில் நம் வட்டாரத்துக்குப் பெருமை உண்டு. சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது இந்தத் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். காலை உணவு 2023 ஆகஸ்ட் 25 அன்று சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. நகரத்து உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளோ 2025 ஆகஸ்ட் 26 வரை காத்திருந்தார்கள். ஒரே தெருவில் ஒரு பள்ளியில் பொங்கல், அடுத்த பள்ளியில் பசி!

நாம் கேட்பது இதுதான்: தலைக்கணக்கு எப்படியிருந்தாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். அதைக் கேட்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. அதைக் கொண்டு எத்தனை பிள்ளை, எத்தனை ஆசிரியர், எத்தனை அறை என்று எவரும் பார்க்கலாம். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கோடு போங்கள். சென்ற மாதம் எத்தனை நாள் ஒரே ஆசிரியர் இருந்தார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தையும் பொழுது சாய்ந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். நடவுக்குப் போகிற தாய் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது.