யானைச் செவி போன்ற இலை

மழைக்காலம் முடிந்தபின் மாங்காடு, குன்றத்தூர்ப் பக்கங்களில் நடந்து செல்வோர், வாய்க்கால் ஓரங்களில் அகன்ற பச்சை இலைகளையுடைய ஒரு செடி அடர்ந்து நிற்பதைக் காணலாம். அதுவே சேம்பு. காற்று வீசும்போது அவ்விலைகள் மெல்ல முன்னும் பின்னும் அசையும். யானை தன் காதை அசைப்பது அப்போது நம் நினைவிற்கு வரும். இவ்வுவமை மிகப் பழைமையானது. குறுந்தொகையின் 76-ஆம் பாடலில், மலைச்சாரலில் வாடையால் அசையும் சேம்பின் இலைக்குக் களிற்றின் செவியை உவமை கூறினார் கிளிமங்கலங் கிழார். ஆங்கிலேயரும் இத்தகைய செடிகளை ‘எலிபன்ட் இயர்’, அதாவது யானைக்காது என்றே அழைக்கின்றனர்.

ஆயினும், யானைக்காது என்னும் பெயர் ஒரு செடிக்கு மட்டும் உரியதன்று. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல செடிகள் அப்பெயரால் வழங்குகின்றன. அவற்றை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? இலையின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். காம்பு இலையோடு சேருமிடத்தைப் பாருங்கள்.

நம் சேப்பங்கிழங்குச் செடியில், காம்பு இலையின் விளிம்பில் சேர்வதில்லை. இலையின் பின்புறத்தில், பிளவிற்குச் சற்று உள்ளே தள்ளிச் சேர்கிறது. குடைக்கம்பி குடையைத் தாங்குவதுபோல அது இலையைத் தாங்குகிறது. இலையின் நுனி நிலத்தை நோக்கித் தொங்கும். மேற்பரப்பு பட்டுப் போன்றிருக்கும். அதன்மீது நீரைத் தெளித்தால் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டோடும். தாமரை இலையிலும் நீர் ஒட்டாது. ஆனால் தாமரை இலை வட்டமானது. அதில் சேம்பிலைக்குரிய ஆழ்ந்த பிளவு இல்லை.

அலோகேசியா என்னும் பெருஞ்செடியின் இலை பளபளப்பானது. அதன் நுனி பெரும்பாலும் வானை நோக்கி நிற்கும். தண்டு தரைக்குமேல் தடித்து வளரும். அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த சாந்தோசோமா என்னும் செடியில், காம்பு பிளவின் அடியிலேயே சேரும். இலையின் ஓரத்தை ஒட்டி ஒரு நரம்பு ஓடுவதையும் காணலாம்.

இவற்றை நோக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இச்செடிகளில் கால்சியம் ஆக்சலேட் என்னும் பொருள், ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக அமைந்துள்ளது. பச்சையாகக் கடித்தால் நாவும் தொண்டையும் காறி எரியும், வீங்குவதும் உண்டு. சாறு பட்ட தோல் அரிக்கும். நம் தாய்மார் சேப்பங்கிழங்கை நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்துச் சமைப்பது இதனாலன்றோ? வாய்க்காலில் தானே முளைத்த செடியை உண்ண முற்படவே கூடாது.

இனி, அது பரவும் முறையைக் கூறுகிறேன். இதை நான் நூலில் கற்றேன். ஆனால் தவறு செய்த பின்னரே உணர்ந்தேன்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலம் அது. பள்ளிக்குப் பின்புறம் ஓடிய வாய்க்கால் சேம்பினால் அடைபட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, நாற்பது மாணவர்களோடு மண்வெட்டியும் அரிவாளும் கொண்டு அதைத் துப்புரவு செய்யச் சென்றேன். செடிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஓடும் நீரிலேயே தள்ளினோம். மாலைக்குள் வாய்க்கால் தெளிந்துவிட்டது. பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். மறு ஆண்டு மழைக்குப்பின், பழைய இடத்தில் சேம்பு மீண்டும் தழைத்தது. அதுவரை அச்செடியே இல்லாதிருந்த கீழ்ப்பகுதி வயல்களின் ஓரத்திலும் முளைத்தது. அவ்வூர் முதிய உழவர் ஒருவர் என்னிடம் வந்து, “வாத்தியார் ஐயா, பிள்ளைகளைக் கொண்டு எங்கள் வாய்க்காலில் நாற்று நட்டுவிட்டீர்களே!” என்றார். அவர் சினந்து பேசவில்லை. அதனாலேயே அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. சேம்பு விதையினால் பரவுவது அரிது. தாய்க்கிழங்கைச் சுற்றிச் சேய்க்கிழங்குகள் தோன்றுகின்றன. சில வகைகளில் கொடிபோன்ற ஓடுதண்டுகள் ஈரமண்ணில் படர்ந்து, கணுதோறும் வேரூன்றிப் புதுச்செடிகளை ஈனுகின்றன. மொட்டுள்ள ஒரு கிழங்குத் துண்டே புதுச்செடியாவதற்குப் போதும். வெள்ளம் அத்துண்டைச் சுமந்து சென்று வேறொரு கரையில் சேர்க்கிறது. ‘கிழங்கில் மொட்டு உண்டு’ என்று கரும்பலகையில் எழுதிய நானே, மண்வெட்டியைக் கையில் எடுத்தபோது அதை மறந்தேன்!

பிற நாடுகளும் இத்தகைய பாடம் கற்றுள்ளன. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேளாண்மைத் துறை, உருளைக்கிழங்கிற்கு மாற்றாகச் சேம்பைத் தென்மாநிலங்களில் பயிரிட ஊக்குவித்தது. இன்று ஃபுளோரிடாவின் நீர்நிலைகளில் அது தன்போக்கில் பரவி, உள்நாட்டுச் செடிகளை நெருக்குகிறது.

நமக்குச் சேம்பு பகையன்று. அது நம் நாட்டுப் பழம் பயிர்களுள் ஒன்று. திருவனந்தபுரத்தில் 1963-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அதன் நல்ல வகைகளை ஆராய்கின்றனர். தோட்டத்தில் அது உணவு. வடிகாலை அடைத்து நிற்கும்போது இடையூறு. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நம் பகுதியினருக்கு, நீர் செல்லும் வழி அடைபடுவதன் தீமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, வாய்க்காலைத் துப்புரவு செய்ய நேர்ந்தால், பெரியோர் துணையுடன் கையுறை அணிந்து செல்லுங்கள். செடியை வெட்டாமல் கிழங்கோடு தோண்டி எடுங்கள். சேய்க்கிழங்கு, ஓடுதண்டு ஆகியவற்றில் ஒன்றையும் மண்ணில் விட்டுவிடாதீர்கள். எடுத்தவற்றை நீரில் எறியாமல், மேட்டு நிலத்தில் பரப்பி, முற்றும் காய்ந்து சுருங்கும்வரை வெயிலில் உலர்த்துங்கள். அடுத்த மழைக்குப் பின் அவ்விடத்திற்கு மீண்டும் சென்று பாருங்கள். நான் செய்யத் தவறியவை இவையே.

நாளைக் காலை ஒரு சேம்பிலையைக் கண்டால், அதன் காம்பு எங்கே சேர்கிறது என்று நோக்குங்கள். பின்னர் அதன் அடிமண்ணையும் நினைத்துப் பாருங்கள். செடியின் மறு பிறப்பு அங்கேதான் காத்திருக்கிறது.