கணக்கர் அமைத்த கருவி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இசை பற்றிப் பேசுவோர் வீணையையோ குழலையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டது மின்சார பாஸ் கிடார். இளையராஜாவின் பாடல்களில் அடியில் நின்று பாட்டைத் தாங்கிச் செல்லும் கனத்த நாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதைத் தருவது இக்கருவியே.

இதனை உலகெங்கும் பரவச் செய்தவர் லியோ பெண்டர் என்னும் அமெரிக்கர். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வாழ்ந்தவர். அவர் இசைவாணர் அல்லர்; கிடார் வாசிக்கவும் அறியார். நம்மில் பலரைப் போலக் கணக்கெழுதிப் பிழைத்தவர். அவ்வேலை போன பின், 1938-இல் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தார்.

அக்காலத்தில் கீழ்ச்சுரங்களை இசைக்கப் பெரும்பாலும் ஆளுயர டபுள் பாஸையே நாடினர். அதைச் சுமப்பது தொல்லை. மின்கிடார் முழங்கும் மேடையில் அதன் குரல் அமிழ்ந்துவிடும். மெட்டுக்கள் இல்லாமையால் விரல் சற்றே விலகினும் சுருதி பிசகும்.

1951-இல் பெண்டர் இதற்கு மாற்றாகப் 'பிரிசிஷன் பாஸ்' என்பதைச் செய்தார். குடைவற்ற திண்ணிய மரம், 34 அங்குலம் அதிரும் நான்கு தந்திகள், வீணையிற்போல் மெட்டுக்கள். தந்தியின் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. தந்தி அதிரச் சுருளில் மின்னோட்டம் எழும். ஒலிபெருக்கி அதனைப் பேரொலியாக்கும். 'துல்லியம்' என்பதே பெயரின் பொருள். கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்தார். தேய்ந்தால் கழற்றி வேறொன்று மாட்டலாம். பழுதுபார்த்துப் பழகிய கையன்றோ!

1965-இல் தம் தொழிலை 1 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். அதன்பின் தரம் குன்றிற்று என்ற கருத்துப் பரவவே, முந்தைய கருவிகளைத் தேடுவோர் பெருகினர். அவர்கள் கழுத்தைக் கழற்றி, அதன் அடியில் பென்சிலால் எழுதிய தேதியைப் பார்ப்பர். ஈயப் பற்று பழையதா என்று நோக்குவர். மறுவண்ணம் பூசியிருந்தால் விலையைக் குறைப்பர். எளிதில் மாற்றுவதற்கென்று அமைத்த கழுத்தே, 'இது இவ்வுடலுக்கு உரியதுதானா?' என்ற ஐயத்துக்கு இடமாயிற்று.

வாசித்துத் தேய்ந்து செப்பனிட்ட கருவிக்கு மதிப்புக் குறைவு. பெட்டிக்குள் உறங்கிய கருவிக்கு மதிப்பு மிகுதி. இது முறையா? டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962-ஆம் ஆண்டுக் கருவி, 1983-இல் அவர் மறைவதற்குச் சற்று முன் களவு போயிற்று. கருவி போயினும் அவர் எழுப்பிய நாதம் போகவில்லை. வாசிக்கப்பட்டதனால் அன்றோ அது நிலைத்தது!

அன்பர்களே, நம் குடியிருப்பிலும் ஊரிலிருந்து வந்த வீணைகள் சில உறைக்குள் உறங்குகின்றன. பாட்டியின் பொருள், பிள்ளைகள் தொட்டால் கெடும் என்று அஞ்சுகிறோம். உறையை அகற்றுவோம், பிள்ளைகள் தொடட்டும், மெட்டுக்கள் தேயட்டும். தேய்ந்ததைச் செப்பனிட ஆள் தேடித் தருவது நம் சங்கத்தின் பணியாகட்டும்.