'ஏ' என்னும் ஓர் எழுத்து



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த நாம், பகலெல்லாம் அலுவலகத்தில் ஆங்கிலம் எழுதி, மாலையில் வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஆதலின், சிறிய அளவை ஆங்கிலம் எவ்வாறு சொல்லுகிறது என்று சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

எண்ணக்கூடியவற்றிற்குப் 'பியூ' என்றும், நீர், காலம், நம்பிக்கை முதலிய எண்ண இயலாதவற்றிற்கு 'லிட்டில்' என்றும் வழங்குவது அம்மொழி மரபு. தமிழிலும் வண்டிகள் சில, எண்ணெய் சிறிது. இதுவரை இரு மொழிகளும் ஒத்துச் செல்கின்றன.

வேறுபாடு 'ஏ' என்னும் ஓரெழுத்தில் தோன்றுகிறது. 'ஏ பியூ' எனின், சில உள. அவை கொண்டு காரியம் நடத்தலாம். அவ்வெழுத்தை நீக்கி வெறும் 'பியூ' எனின், இல்லையென்று சொல்லத்தக்க குறைவு. 'ஏ பியூ' வாகன்கள் உள்ளன என்று நிலையத்தார் எழுதினால், சரக்கேற்ற ஆயத்தம் செய்யலாம். 'பியூ' என்று மட்டும் எழுதினால், வணிகர் காத்திருக்க வேண்டியதுதான். 'குவைட்' என்னும் சொல்லும் முன்வந்து 'குவைட் ஏ பியூ' ஆகிவிட்டாலோ, சில பலவாகிவிடும்!

தமிழ் இதனை எவ்வாறு காட்டும்? 'சிலர் வந்தனர்' எனின், வந்தோர் உளர் என்னும் நிறைவு. 'சிலரே வந்தனர்' எனின், வாராதோரை எண்ணிய குறை. தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறிய ஐந்து பொருள்களுள் பிரிநிலையும் ஒன்று. அதுவே இங்குத் தொழிற்படுகிறது. ஆங்கில 'ஏ' முன்னே நின்று நம்பிக்கை தருகிறது. தமிழ் ஏகாரம் பின்னே நின்று அதனைக் குறைக்கிறது.

இஃது இலக்கண விளையாட்டன்று. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி நிறுத்தப்படும் வரை, சொல்லை எண்ணியே கட்டணம் பெறப்பட்டது. காசை மிச்சப்படுத்த விரும்புவோர் முதலில் விடுப்பது 'ஏ'யையே. 'ஏ லிட்டில் இம்ப்ரூவ்மெண்ட்' எனின், நோயாளி சற்றுத் தேறினார். 'ஏ' இன்றேல், தேற்றம் ஏதுமில்லை என்று பொருள்படும். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மகன் புறப்படுவதா, பொறுத்திருப்பதா? தந்தி போயிற்று, கைப்பேசிச் செய்தியிலும் அவ்வெழுத்து இன்று விடுபட்டே வருகிறது.

ஆகவே, அலுவலகக் கடிதத்தில் 'ஏ'யை மறவாதிருப்போம். வீட்டுச் செய்தியைத் தமிழிலேயே அனுப்புவோம். இங்கு வளரும் நம் பிள்ளைகள் எல்லாவற்றிற்கும் 'கொஞ்சம்' என்னும் ஒரு சொல்லையே வழங்குகின்றனர். சிலரைக்கூடக் 'கொஞ்சம் பேர்' என்கின்றனர். சில, சிறிது, சற்று, ஓரிரண்டு, நாலைந்து என நாள்தோறும் நாமே பிரித்துப் பேசினால், அவர்களும் கற்றுக்கொள்வர். சொல் சிறிதாயினும், அதனை நம்பிக் காத்திருப்போர் உளர் என்று கூறி அமைகின்றோம்.