நான் கேட்காத கேள்வி



காவிரி வளம் கொழிக்கும் சோழநாட்டின் தென்கிழக்கு மூலையில், கடலை நோக்கி நீண்டு நிற்கும் நிலமுனையே கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவு. வழியில் அகத்தியம்பள்ளி உப்பளங்கள். 1930-ஆம் ஆண்டில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்த மண் அது. அப்பால் காடும், வெளிமான்கள் மேயும் புல்வெளியும். 1967-இல் அது வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று.

ஐப்பசி பிறந்ததும் இவ்வூருக்கு இருவகை விருந்தினர் வருவர். வடதிசை நாடுகளிலிருந்து பறவைகள்; பிற கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள். மீனவர் கீற்றுக் கொட்டகை அமைத்துப் பங்குனி வரை தங்கித் தொழில் செய்வர். அவர்களை நம்பிச் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும். பருவம் முடிந்ததும் மறையும். அத்தகைய கடை ஒன்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

1986-ஆம் ஆண்டு தை மாதத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. அப்போது நான் வேதாரண்யத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியன். என் மனைவி திருவையாற்றுப் பக்கத்தவள். நெல்வயலும் வாழைத் தோட்டமும் ஆறும் கண்டு வளர்ந்தவள். கடலைக் கண்டதில்லை. எங்களைப் போன்றோர்க்கு அந்நாளில் கல்யாணத்துக்குப் பிறகுதான் காதலே தொடங்கும்! மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவளைக் கோடியக்கரைக்கு அழைத்துச் சென்றேன்.

நண்பகலில் ஒரு கொட்டகைக் கடையில் உட்கார்ந்தோம். மணல் தரை, வாழையிலை, ஆவி பறக்கும் சோறு, காலா மீன் குழம்பு. “நன்றாக இருக்கிறது அல்லவா?” என்றேன். அவள் தலையசைத்தாள், இலையில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கவில்லை. அந்த விருந்தைப் பற்றி நான் வீட்டிலும் உறவினரிடத்தும் எத்தனை முறை பேசியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் மகளும் மருமகனும் பேத்தியும் வந்திருந்தனர். “அப்பா, உங்கள் கடையைக் காட்டுங்கள்” என்றாள் மகள். புறப்பட்டோம். 2004-இல் ஆழிப்பேரலையும், 2018 நவம்பர் 16-இல் கஜா புயலும் தாக்கிய கரை அது. பழைய கடை நின்ற இடத்தையே என்னால் அடையாளம் காண முடியவில்லை. ஓர் இளம் தம்பதியர் நடத்திய வேறொரு கொட்டகையில் அமர்ந்தோம். நல்வாய்ப்பாக, அன்றும் காலா மீன் குழம்புதான். நான் பழைய கதையை ஆரம்பித்தேன். நடுவில் பேத்தி குறுக்கிட்டாள்:

“பாட்டி, உனக்கும் அது பிடித்திருந்ததா?”

என் மனைவி சற்றுத் தயங்கிச் சிரித்தாள். “இல்லையடி கண்ணே! நான் ஆற்று மீன் தின்று வளர்ந்தவள். கடல் மீன் வாடையே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காரத்தில் கண் கலங்கிவிட்டது. உன் தாத்தா அவ்வளவு ஆசையோடு பரிமாறச் சொல்லும்போது எப்படி வேண்டாம் என்பது?”

எல்லோரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு: விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வினா, வினா அன்று. வகுப்பில் அவ்வாறு வினவிய இளம் ஆசிரியர்களைத் தலைமை ஆசிரியனாக இருந்து நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். “நன்றாக இருக்கிறது அல்லவா?” என்று நான் கேட்டது எவ்வகை வினா? சுமார் 40 ஆண்டுகள் அவளுடைய தலையசைப்பை நான் விடையென்று எண்ணி மகிழ்ந்திருக்கிறேன்!

அன்று மாலை அவளிடம் கேட்டேன்: “உனக்குப் பிடித்த கடை எது?” அவள் யோசிக்கவே இல்லை. “திருவையாற்றில் ஓர் அல்வாக் கடை. தியாகராஜ ஆராதனைக்கு அப்பா அழைத்துப் போகும்போதெல்லாம் அங்கே சுடச்சுட அசோகா வாங்கித் தருவார்” என்றாள். அவ்வூர் வழியாக நாங்கள் எத்தனையோ முறை பிரயாணம் செய்திருக்கிறோம். ஒரு முறையேனும் அக்கடைக்காக இறங்கியதில்லை.

அடுத்த மாதம் நாங்கள் இருவர் மட்டும் சென்றோம். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அசோகா, இலைத்துண்டில் பளபளத்தது. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள். அதுவன்றோ வினா! “எனக்குத் தித்திப்பு அதிகம்” என்று உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே என் பங்கையும் எடுத்துக்கொண்டாள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் பழங்கதை சொல்லுவர். ஆவலோடு கேளுங்கள். ஆனால், கதை சொல்பவரின் பக்கத்தில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பவரை நோக்கி, என் பேத்தி கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். பாதிக் கதை அவரிடம் இருக்கிறது.